இனம் என்னும் சொல்லும் உயிர்ச்சுவடுகள் எழுப்பும் வினாக்களும்

1

இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்டுவந்த ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்புவித்தது 1796ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலாகும். அதே ஆண்டிலே பாரிஸ் நகரில் ஜோர்ஜ் கூவியே என்னும் இளம் உடற்கூற்றறிஞர், வாழும் யானைகளையும் உயிர்ச்சுவடுகளாகக் கிடைத்த யானைகளையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வுரையை வாசித்தார். அவர் ஆராய்ந்த மண்டையோடுகளுள் ஒன்று இலங்கையிலிருந்து சென்றது. ஒல்லாந்து ஆட்சித் தலைவரின் சேகரிப்பிலிருந்து பிரெஞ்சுப் படையினர் 1795இல் கைப்பற்றிச் சென்ற பொருள்களோடு அதுவும் பாரிஸ் சேர்ந்திருந்தது. இலங்கை யானையும் ஆபிரிக்க யானையும் வெவ்வேறு இனங்கள் என்பதையும், சைபீரியாவிற் கிடைத்த மம்மத்தின் எலும்புகள் இவ்விரண்டுக்கும் உரியனவல்ல என்பதையும் கூவியே எடுத்துக்காட்டினார். அவ்வாறாயின் அம்மூன்றாவது விலங்கு எங்கே? அது இன்று எங்கும் இல்லை, அற்றுப்போயிற்று என்பதே அவர் தந்த விடை.

இவ்விடையின் மெய்யியற் பெறுமதி விலங்கியலின் எல்லைக்குள் அடங்குவதன்று. படைப்பு முழுமையானது, அதன் சங்கிலியில் ஒரு கண்ணியேனும் கழன்றுபோகாது என்னும் எண்ணம் ஐரோப்பியச் சிந்தனையில் ஆழ வேரூன்றியிருந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் மம்மத் இன்னும் உயிரோடு உலவக்கூடும் என ஜெபர்சன் போன்றோர் நம்பியமைக்கு இதுவே காரணம். நமது மரபு வேறுவகையான ஆறுதலைத் தந்தது. யுகங்களும் கற்பங்களும் பற்றிய கணக்குகளால் நீண்ட காலம் என்பது நமக்குப் புதியதன்று. கலியுகத்துக்கு மாத்திரம் 4,32,000 ஆண்டுகள் வகுத்தவர்கள் நம் முன்னோர். ஆயினும் அக்காலம் சுழல்வது. ஒடுங்கிய உலகம் ஒடுங்கிய இடத்திலிருந்தே மீளத் தோன்றும் என்பது சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் நிலைநாட்டும் கொள்கை. உயிர்ச்சுவடு காட்டும் காலமோ மீளாதது. அற்றுப்போன இனம் திரும்பத் தோன்றுவதில்லை. நீண்ட காலத்தை ஏற்பதில் நமக்குத் தடையில்லை. மீளாக் காலத்தை ஏற்பதிலேயே தடையுண்டு. இவ்வேறுபாடு தமிழிற் போதிய அளவு சிந்திக்கப்படவில்லை.

இவ்வாறு சிந்திக்காது விட்டமையின் விளைவுகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் கூற முற்படுவது. அற்றுப்போன உயிர்களின் காலத்தைத் தத்தம் இனத்தின் பழம்பெருமைக்குச் சான்றாக்கும் போக்கு இலங்கையிலும் தமிழகத்திலும் வலுவாக இருந்துவந்துள்ளது. அப்போக்கின் தருக்கப் பிழை யாது, அதற்கு மாறாக உயிர்ச்சுவடுகள் உண்மையிற் கற்பிப்பது யாது என்பவற்றை நோக்குவது அவசியமாகின்றது.

2

முதலில் சான்று பற்றிய வினா. ஒரு கல் எவ்வாறு முன்னொரு காலத்து உயிருக்குச் சாட்சியாகின்றது?

தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டன எனக் கணிக்கப்படும் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சுப் பயணி சொன்னெரா 18ஆம் நூற்றாண்டிலேயே அவைபற்றி எழுதினார். அவை திருமாலால் வதைக்கப்பட்ட அசுரனின் எலும்புகள் என்பது ஊரவர் வழக்கு. இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் இக்கல் ஒருகாலத்தில் உயிருள்ள உடலாய் இருந்தது என்ற அளவில் ஊரவர் கண்டது சரியே. ஐரோப்பியக் கற்றோர் பலர் உயிர்ச்சுவடுகளை இயற்கையின் விளையாட்டு என்று கொண்டிருந்த காலமும் உண்டு. மால்ற்றாத் தீவின் நாக்குக் கற்கள் சுறாவின் பற்களே என்பதை ஸ்ரெனோ 1667இல் விளக்கவேண்டியிருந்தது. திருவக்கரை மக்கள் பிழைத்தது, எவ்வுடல் என்று தீர்மானித்த இடத்திலேயே. கல்லைத் தாம் ஏற்கெனவே அறிந்த கதைக்குள் அவர்கள் வைத்துப் பார்த்தார்கள். இப்பிழை கல்லாதவர்க்கு மாத்திரம் உரியதன்று என்பதற்கு நமது நாட்டு உதாரணம் ஒன்றைக் காட்டலாம்.

இரத்தினபுரிப் பகுதியில் இரத்தினக்கல் அகழ்வோர், இல்லம் எனப்படும் சரளைப் படையை அடையக் குழிகள் தோண்டுவர். அக்குழிகளிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம், யானை, காட்டெருது முதலியவற்றின் எலும்புகளும் பற்களும் வெளிவந்தன. இன்று இலங்கையில் நீர்யானையும் இல்லை, காண்டாமிருகமும் இல்லை. இடுப்பளவு சேற்றில் நின்று உழைத்த கூலியாள்களின் கைகளே இவற்றை முதலிற் கண்டன என்பதை ஆய்வு நூல்கள் போகிறபோக்கிற் கூறிச் செல்கின்றன. கிடைத்தவற்றை முறையாகத் தொகுத்து வகுத்த பெருமை, 1939 முதல் 1963 வரை கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராய் இருந்த பி. ஈ. பி. தெரணியகலவுக்கு உரியது. அவர் செய்த பணி அளப்பரியது. அவர் இன்றேல் இரத்தினபுரி உயிர்ச்சுவடுகள் என்றொரு துறையே இருந்திராது.

ஆயின் அவர் இட்ட பெயர்கள் நின்று நோக்கத்தக்கவை. நீர்யானைக்குச் சிங்கலேயுஸ்; காண்டாமிருகத்துக்குச் சிங்கலேயுஸ்; அற்றுப்போன யானைக்குச் சிங்கலேயுஸ்; காட்டெருதுக்கும் அதுவே. 1939இல், குருவிட்டப் பகுதியிற் கிடைத்த பற்களைக் கொண்டு இலங்கைச் சிங்கம் ஒன்றனையும் அவர் வகுத்து, அதற்கும் சிங்கலேயுஸ் என்றே பெயரிட்டார். வாழும் சிங்கங்களின் பல்லோடு ஒப்பிடுகையில் இப்பல் ஒடுங்கியும் நீண்டும் இருந்தது என்பது அவர் காட்டிய நியாயம். அதனை ஒரு தனித் துணையினம் எனத் துணிவதற்கு அச்சான்று போதாது எனப் பின்வந்தோர் கருதினர்.

இவ்விடத்து அவசரத் தீர்ப்புக்கு இடமளித்தலாகாது. விலங்குக்கு இடப்பெயர் சூட்டுதல் துறைமரபு. சிங்ஹலே என்பது நாட்டுக்கும் அரசுக்கும் வழங்கிய பழம்பெயரும் ஆகும். எனவே தனி மனிதர் ஒருவரின் உள்நோக்கத்தை நாம் இங்கு ஆராயவில்லை. பெயரின் சமூக வாழ்வே நமது கவனத்துக்குரியது. தன் குலமுதல்வன் சிங்கத்தின் வழிவந்தவன் என மகாவமிசம் கூறும் மரபை ஒரு சமூகம் தன் அடையாளமாக்கிக்கொண்டிருந்த காலத்தில், வாளேந்திய சிங்கம் தேசியக் கொடியில் ஏறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், இலங்கை மண்ணிற் கிடைத்த சிங்கப் பல் ஒன்று அப்பெயரைப் பெற்றது. எந்த மொழியும் எந்தச் சமயமும் இத்தீவில் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மடிந்த விலங்கு, தன் மரணத்தின் பின் ஒரு சமூகத்தின் பெயரைச் சுமக்கலாயிற்று.

இக்கதைக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. இரத்தினபுரிக்கு அருகில் 1962இற் கிடைத்த பல் ஒன்றும், குருவிட்டவின் பட்டதொம்ப லென குகையில் 1982இற் கிடைத்த விரலெலும்பு ஒன்றும் புலிக்குரியவை என இலங்கை ஆய்வாளர்கள் 2005இல் அறிவித்தனர். அவ்வெலும்பு ஏறத்தாழ 16,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. கொடிகளிற் சிங்கமும் புலியும் எதிரெதிர் நின்ற காலத்தில் வெளிவந்த இவ்வாய்வு, கொடிகளை நோக்கி எழுதப்பட்டதன்று. பல்லின் வடிவையும் அளவையும் கொண்டே அது வாதிட்டது. இதுவே நாம் வலியுறுத்த விரும்புவது. விஞ்ஞானத்துக்குச் சமூகச் சார்பு உண்டு என்று நிறுவியதோடு முற்போக்கு விமர்சனம் நின்றுவிடக் கூடாது. அச்சார்பைத் திருத்தும் ஆற்றல் பொருளிலேயே உண்டு என்பதையும் அது கூறவேண்டும். பெயர் மனிதர் தருவது. பல் மனிதரைக் கேட்டு அமைந்ததன்று.

3

பெயர் பற்றிய பேச்சு நம்மை இனம் என்னும் சொல்லிடம் கொண்டுவந்து சேர்க்கின்றது. சுயமொழிக் கல்வி வளர்ந்த காலத்தில் உருவான நமது விஞ்ஞானக் கலைச்சொற்களில், உயிரினப் பாகுபாட்டின் இரு படிகளுக்குச் சாதி என்றும் இனம் என்றும் பெயர் அமைந்தது. மாணவர் ஒருவர் காலையில் உயிரியற் பாடத்தில் இனம் என்று படித்து, மாலையிற் செய்தித்தாளில் இனப்பிரச்சினை என்று வாசிக்கின்றார். இரண்டும் ஒரே சொல். ஆகவே இரண்டும் ஒரே வகையான உண்மை என்ற மயக்கம் மொழியினூடாகவே உள்ளே நுழைகின்றது. மனிதக் கூட்டங்களுக்கிடையேயுள்ள வேறுபாடு யானைக்கும் மம்மத்துக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை ஒத்தது என்பதுபோன்ற தோற்றம் உண்டாகிறது.

இம்மயக்கத்துக்குரிய மாற்றும் நமது மொழியிலேயே உண்டு. திருக்குறளில் சிற்றினஞ்சேராமை என்னும் அதிகாரத்தில் இனம் என்பது குருதியைக் குறிப்பதன்று. கூடிப் பழகும் கூட்டத்தைக் குறிப்பது. சேர்தலாலும் சேராமையாலும் அமைவது அது. எழுத்திலக்கணத்தில் இனவெழுத்து என்பதும் பிறப்பிடம் முதலியவற்றால் அமையும் உறவையே சுட்டுகின்றது. ஆக, பழந்தமிழ் வழக்கில் இனம் ஓர் உறவின் பெயர். மாறாத உள்ளியல்பின் பெயரன்று.

1859இல் தார்வின் வெளியிட்ட நூல் உயிரியலிற் செய்த புரட்சியும் இதனோடு ஒப்பவைக்கத்தக்கது. அவருக்கு முன் இனம் என்பது மாறாத அச்சு; தனி உயிர்கள் அவ்வச்சின் வார்ப்புகள். அவருக்குப் பின் இனம் என்பது ஒரு வரலாறு. தம்முள் கலந்து பெருகும் உயிர்த்தொகுதியே இனம் என்று 20ஆம் நூற்றாண்டில் ஏர்ண்ஸ்ற் மாயர் முதலியோர் வரையறுத்தபோது, உள்ளியல்பின் இடத்தை உறவு பிடித்துக்கொண்டது. தோன்றியது, பரந்தது, மாறியது, மறைந்தது என்ற வினைச்சொற்களாலன்றி ஓர் இனத்தை விளக்க இயலாது. உயிர்ச்சுவடுகளே இவ்வரலாற்றின் ஆவணங்கள். அவற்றைக் கொண்டு மாறாத இனப்பெருமையை நிறுவ முற்படுவோர், சான்றை அதன் சாரத்துக்கு எதிராகவே பயன்படுத்துகின்றனர்.

4

இக்குற்றச்சாட்டைப் பிறர்மேல் மட்டும் சுமத்தி நாம் தப்பிவிட முடியாது. குமரிக்கண்டக் கொள்கை இதே தருக்கத்தின் தமிழ் வடிவமாகும்.

1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கில விலங்கியலாளர், மடகஸ்காரின் லெமூர்களுக்கும் அவற்றுக்கு உறவான நம் நாட்டுத் தேவாங்கு போன்றவற்றுக்கும் இடையேயுள்ள ஒற்றுமையை விளக்க, இந்துமா கடலில் மூழ்கிய நிலப்பரப்பு ஒன்றை ஊகித்து அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். விலங்குப் பரம்பலை விளக்க எழுந்த ஒரு கருதுகோள் அது. ஜேர்மானிய அறிஞர் ஹேக்கல் மனித குலத்தின் தொட்டிலை அங்கு வைக்க எண்ணினார். பிரம்மஞானசபையினர் அதற்கு மறைஞான விளக்கம் தந்தனர். தமிழகத்தில் அது இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோள்களோடும், பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே 49 நாடுகள் இருந்தன என்ற அடியார்க்குநல்லார் உரையோடும் இணைந்து குமரிக்கண்டமாயிற்று. கா. அப்பாத்துரையின் நூல் இவ்விணைப்பைப் பரவலாக்கியவற்றுள் ஒன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடைபெறும் இலக்கிய மேடைகளில் இன்றும் அது ஐயத்துக்கிடமில்லாத வரலாறாகவே பேசப்படுவதுண்டு.

விஞ்ஞானமோ அதற்கிடையில் வேறு வழியிற் சென்றுவிட்டது. கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் 1912இல் முன்வைத்த கருத்து, 1960களிற் புவித்தகட்டுக் கொள்கையாக நிலைபெற்றது. விலங்குகளின் உறவை விளக்க மூழ்கிய கண்டம் தேவைப்படவில்லை. இந்தியத் தகடு மடகஸ்காரிலிருந்து பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். மனிதன் தோன்றியது 3 லட்சம் ஆண்டளவில். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வெளியைப் புலவர் அவை எதனாலும் நிரப்ப இயலாது. ஸ்கிளேற்றரின் கருதுகோளை விஞ்ஞானம் கைவிட்ட பின்னும் நாம் அதனைக் கைவிடாது போற்றுவது, விஞ்ஞானத்தின் பெயரால் விஞ்ஞானத்துக்கு எதிராகச் செல்வதாகும்.

இங்கு ஒரு தருக்க நுணுக்கம் கவனித்தற்குரியது. மண்ணில் எஞ்சிய பதிவு முழுமையற்றது என்பதைத் தார்வின் தம் நூலில் ஓர் அதிகாரம் முழுவதும் விவாதித்தார். வாழ்ந்த உயிர்களுள் மிகச் சிலவே சுவடாயின. சான்று இல்லாமை பற்றிய இவ்வறிவு அவருக்கு அடக்கத்தைத் தந்தது. குமரிக்கண்டம் பேசுவோர்க்கோ அது கட்டற்ற உரிமையாகின்றது: சான்று கடலடியில் உள்ளது, ஆகவே நமது கூற்றை மறுத்தல் இயலாது என்கின்றனர். மறுக்க இயலாத கூற்று என்பது நிறுவப்பட்ட கூற்றன்று. இறந்தகாலத்தைப் பற்றி ஒன்றுமே கூறாத கூற்று அது.

உரையாசிரியர்களின் கூற்றை இதனால் நாம் இழந்துவிடவில்லை. கடல் கொண்ட நிலம், கடல் கொண்ட நூல்கள் என்னும் எண்ணம் இடைக்காலத் தமிழ்ப் புலமை தன் இழப்புகளை எவ்வாறு உணர்ந்தது என்பதற்கு அரிய ஆவணம். அதனைப் புவியியலாக வாசிப்பது உரையாசிரியருக்கும் அநீதி, புவியியலுக்கும் அநீதி.

5

கடல் உண்மையில் நிலத்தைக் கொண்டதுண்டு. அது கூறும் செய்தி வேறு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், இறுதிப் பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைய அளவிலிருந்து சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையோ மிக ஆழமற்றது. அக்காலத்தில் அது கடலாய் இருக்கவில்லை. கடல் தாழ்ந்திருந்த காலங்களில் நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் புலியும் நடந்தே இத்தீவுக்கு வந்தன. தீவு என்பதும் துணைக்கண்டம் என்பதும் அவற்றுக்குத் தெரியா. சிங்கலேயுஸ் என்று பெயர்பெற்ற நீர்யானையின் உறவினங்களின் எலும்புகள் நருமதைப் பள்ளத்தாக்கிலும் கிடைக்கின்றன. எது நம்முடையது, எது வந்தேறியது என்னும் வினாவே அக்காலத்துக்குப் பொருந்தாது.

மனிதரைப் பொறுத்தும் நிலைமை இதுவே. தெரணியகல தனித் துணையினமாக வகுத்த பலாங்கொடை மனிதனை இன்று ஆய்வாளர்கள் நவீன மனித இனத்தவனாகவே கொள்கின்றனர். பாகியங்கல குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன் குரங்கும் அணிலும் வேட்டையாடி மழைக்காட்டில் வாழ்ந்த மனிதர் எம்மொழி பேசினர் என்று அவர்களின் எலும்பு கூறாது. இன்றைய எச்சமூகமும் அவர்களைத் தனக்கு மாத்திரம் மூதாதையராகப் பதிவுசெய்துகொள்ள முடியாது.

உயிர்ச்சுவடுகளைத் தேடி இரத்தினபுரிக்கோ பாரிசுக்கோ நாம் செல்லவேண்டியதுமில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு நிற்பது மயோசீன் காலக் கடலடியிற் படிந்த சுண்ணாம்புக்கல்லின்மேல். நுண்ணுயிர்களினதும் சிப்பிகளினதும் ஓடுகளாலான அக்கல்லை அகழ்ந்தே 1950இலிருந்து காங்கேசன்துறையிற் சீமெந்து செய்யப்பட்டது. அவ்வாலை 1990இல் மூடப்பட்டது. புத்தளத்து ஆலைக்குக் கல் தந்த அறுவாக்காடும் அதே காலத்துப் படிவமே. வடக்கிலும் வடமேற்கிலும் உறைந்திருந்த அப்பழங்கடல், மூடைகளிற் கொழும்பு வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எல்லாச் சமூகத்தவரின் சுவர்களிலும் கலந்துள்ளது.

1983 யூலையில், வெள்ளவத்தை முதலாய பகுதிகளில், வாக்காளர் பட்டியல்களைக் கையிற்கொண்டு அச்சுவர்களுக்குள் இருந்தோரை இனம்பிரித்துத் தேடினர், வீடுகள் எரிந்தன, மனிதர் கொல்லப்பட்டனர். அதற்கு ஈராண்டு முன், 1981இல், யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. மீளக் கிடைக்காத ஏடுகள் அதனோடு போயின. இவற்றைப் பற்றிப் பேசும்போது அற்றுப்போதல் என்ற சொல்லை நாம் பயன்படுத்துதல் ஆகாது. மம்மத் அற்றுப்போயிற்று, நூலகம் எரிக்கப்பட்டது. முன்னதிற் கூவியே தேடியது காரணம்; பின்னதில் நாம் தேடவேண்டியது பொறுப்பு. வலியது வாழும், மெலியது மறையும், அது இயற்கையின் விதி என்று மனிதக் கொடுமைக்கு உயிரியலைச் சாட்சிக்கு அழைப்போர், இயற்கையின் நிகழ்வையும் மனிதரின் செயலையும் பிரிக்கும் கோட்டை அழித்துவிடுகின்றனர். உயிர்ச்சுவடியல் அவர்களுக்குச் சாட்சி சொல்லாது. அது அற்றுப்போனவை தகுதியற்றவை என்று எங்கும் நிறுவவில்லை. பல கோடி ஆண்டுகள் தழைத்த உயிர்வகைகள், 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று மோதிய ஊழியில், தம் தகுதியின்மை காரணமாகவன்றி மடிந்தன.

6

இறுதியாக, முற்போக்காளராகிய நமக்கே உரிய ஒரு வினா எஞ்சுகின்றது. அற்றுப்போன உயிரினங்களை அறிய எலும்புகள் எத்துணை முக்கியமோ, மறைந்துபோன பொருளாதார அமைப்புகளை அறியப் பழைய உழைப்புக் கருவிகள் அத்துணை முக்கியம் என மார்க்ஸ் 1867இல் மூலதனத்தின் முதற் பாகத்தில் ஒப்புமை காட்டினார். இவ்வொப்புமையை நாம் பெரிதும் விரும்பி ஏற்றுள்ளோம். ஆனால் அதன் முழுப் பொருளையும் ஏற்றோமா என்பது ஐயமே. கூர்ப்பு தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏறும் ஏணி, அதன் உச்சியில் மனிதன். சமூகமும் அவ்வாறே கட்டம் கட்டமாய் ஏறும், அதன் உச்சி உறுதியானது என்று எழுதியும் பேசியும் வந்தோம். உயிர்ச்சுவடுகள் காட்டுவது ஏணியையன்று. பெரும்பகுதி கிளைகள் பட்டுப்போன ஒரு புதரை. அமெரிக்க உயிர்ச்சுவடியலாளர் ஸ்ரீவன் ஜே கூல்ட் 1989இல் வெளியிட்ட நூலில், வரலாற்றை மீளத் தொடங்கினால் அது மனிதனிடம் வந்துசேரும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை என வாதிட்டார். அவர் தற்செயலை மிகைப்படுத்தினார் என்ற மறுப்பும் உண்டு. ஆயினும் முன்னேற்றம் இயற்கையால் உத்தரவாதம் செய்யப்பட்டதன்று என்ற அளவில் அவர் கூற்று அசைக்க முடியாதது.

இது சோர்வுக்குரிய முடிபன்று. உறுதி இல்லாத இடத்திலேதான் மனிதச் செயலுக்கு இடமுண்டு. இந்நாட்டுக் காட்டெருது 17ஆம் நூற்றாண்டில் இன்னும் உயிரோடிருந்தது. கண்டி அரசனின் விலங்குக் கூடத்தில் அதனைப் பற்றி றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியான தம் நூலிற் குறிப்பிட்டார். இன்று அது இத்தீவில் இல்லை. அற்றுப்போதல் தொல்பழங் காலத்துக்கு மாத்திரம் உரியதன்று; எழுதப்பட்ட வரலாற்றின் உள்ளேயும் அது நடந்துகொண்டிருக்கின்றது; அதில் மனிதரின் பங்கும் உண்டு.

நமது பல்கலைக்கழகங்களில் விலங்கியலும் புவியியலும் ஒரு கட்டடத்திலும் தமிழும் மெய்யியலும் வேறொரு கட்டடத்திலும் தனித்தனியே நடைபெறுகின்றன. இடையில் விடப்பட்ட வெளியிலேயே சிங்கத்தின் பல்லும் மூழ்கிய கண்டமும் கட்டுக்கதைகளாய் வளர்ந்தன. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லின் உயிர்ச்சுவடுகள் பற்றித் தமிழ் மாணவர் படிக்கத்தக்க விரிவான தமிழ் நூல் எழுதப்படல் வேண்டும். உரையாசிரியர்களின் கடல்கோட் செய்திகளை இலக்கிய வரலாற்று நோக்கில், பெருமைக்காகவன்றி, மீள ஆராய்தல் வேண்டும். இனம் என்னும் கலைச்சொல்லை எப்பொருளிற் கையாளுகின்றோம் என்பதை ஒவ்வொரு கட்டுரையிலும் தெளிவுறுத்தல் வேண்டும். இவை சிறு பணிகள். ஆயினும் சொல்லின் மயக்கம் தெருவிலே தீயாக எரிந்ததைக் கண்ட நகரத்திலிருந்து எழுதும் நமக்கு, அவற்றைச் சிறியன என்று ஒத்திவைக்கும் உரிமை இல்லை.